சுவர் எழும்பாத வீட்டில் மாட்டிய குடை

1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். தூறல். லிந்துலைப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது, பத்தடிக்கு அப்பால் நின்ற ஆள் தெரியவில்லை, காற்று கொஞ்சமும் இல்லை. இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதைக் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் என்னிடம் கேட்பது, அன்றைக்குக் காய்ச்சல் ஏதும் இருந்ததா மாஸ்டர் என்பதுதான். இருக்கவில்லை. சாராயமா என்றால் அதை நான் தொட்டதே கிடையாது. பகலில் தூங்கும் பழக்கமும் இல்லை.

பேய், பிசாசு, முனி, மோகினி எதையும் நான் நம்பியவனில்லை. இன்றைக்கும் நம்பவில்லை என்றுதான் சொல்வேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் படிப்பித்தவன் நான். பிள்ளைகள் பயந்துகொண்டு ஓடி வந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போவேன். பாலத்தடியில் வெள்ளையாக நிற்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தால் யாரோ காயப்போட்ட மாவுச் சாக்கு. தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் யாரோ அழுகிறார்கள் என்றார்கள், துருப்பிடித்த தகரத்தில் காற்று. எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துச் சொன்ன என்னிடம் இந்த ஒன்றுக்கு மட்டும் காரணம் இல்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் ஒரு கிழவனின் வீட்டுக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீடு இருக்கிறது. லிந்துலைக்கு வந்தால் காட்டுகிறேன்.

நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். அவர் செத்து ஒரு மாதம் ஆவதற்குள் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், நானும் அம்மாவும் சட்டி பானையோடு சித்தப்பா காம்பராவுக்குப் போனோம். பிற்பாடு நான் மாஸ்டர் ஆனதும் தோட்டத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அதுவும் தோட்டத்துடையதுதான். 1957இல் எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐம்பத்தைந்தில் ஓய்வு, ஓய்வு என்றால் அடுத்த மாதமே சாவியை ஒப்படைக்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, போய் ஒதுங்க ஒரு கூரை இல்லை. பிரஜாவுரிமைப் பத்திரம் அதற்கு முந்தின வருடம்தான் கையில் கிடைத்திருந்தது. அதைப் பெட்டியில் வைத்த அன்றே என் மனைவி பார்வதி கேட்டாள்: "நாடு நம்மளுதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. சரிங்க, நாம எங்க இருக்கப்போறோம்?"

அப்போதுதான் காதர் முதலாளியின் பாதி வீடு விலைக்கு வந்தது. காதர் முதலாளி லிந்துலையில் இரும்புக்கடை வைத்திருந்தவர், நேர்மையான மனிதர். மகளுக்கென்று பத்துப் பேர்ச் காணியில் அத்திவாரம் போட்டு, முழங்கால் உயரத்துக்குச் சுவரும் எழுப்பியிருந்தார். மகளைக் கம்பளைப் பக்கம் கட்டிக்கொடுத்ததும் வேலையை நிறுத்திவிட்டார். என் கையில் மொத்தப் பணம் இல்லை என்று தெரிந்து அவரே ஒரு வழி சொன்னார். வீட்டை நாலு பாகமாக வாங்கலாம். காணியும் அத்திவாரமும் முதல் பாகம், ஆயிரத்து எண்ணூறு. சுவர் இரண்டாம் பாகம், ஆயிரத்து ஐந்நூறு. கூரை ஆயிரத்து நானூறு. கதவு, தரை, பூச்சு எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு. ஒவ்வொரு பாகத்துக்கும் பணம் கட்டினால் அந்த வேலையை முடித்துக் கொடுப்பார், அப்புறம் அடுத்தது. இடையில் முடியாமல் போனால் நூற்றைம்பதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார், வீடு அவருக்கு.

முதல் பாகத்தைக் கட்டியதும் நான் ஒரு அவசரம் செய்தேன். வைகாசியில் நல்ல நாள் பார்த்து வாசல் நிலையை வைத்துவிட்டேன். சுவர் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை, நிலையைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை, இருபுறமும் சவுக்கு மரக் கம்பு முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். முழுப் பலா மரம். மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியமும் காசும் மஞ்சள் துணியில் முடிந்து தலைக்கட்டையில் கட்டி, தேங்காய் உடைத்தோம். காதர் முதலாளி ஓரமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். "ஒங்கட வீடு, ஒங்கட வழக்கம். எனக்கென்ன, நல்லாச் செய்யுங்க மாஸ்டர்" என்றார். பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

நிலை வைத்த வீட்டில் நிலை வழியாகத்தான் நுழைய வேண்டும். சுவர் இருக்கிறதோ இல்லையோ, வாசல் வாசல்தான். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் வேலை செய்கிற சுப்பையா பாஸ் கேட்கமாட்டான். நல்ல மேசன், வாய் மட்டும் நீளம். கல்லைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டித் தாண்டிப் போவான். நான் அதட்டினால் சிரிப்பான்.

"சொவரே இல்லாத வூட்டுக்கு வாசல் வழியா குனிஞ்சு வாற ஆளு, இந்த நுவரெலியா ஜில்லாவுலயே மாஸ்டர் ஒருத்தர்தாங்க."

"நான் குனியலடா. நிலை ஆறே முக்கால் அடி."

"அதான் எனக்கும் வெளங்கல. அப்பறம் ஏன் குனியுறீங்க?"

உண்மையில் குனிந்துதான் போவேன். பழக்கம். லயத்துக் காம்பரா வாசல் அப்படி.

ஆனி மாதம் வந்தபோது இரண்டாம் பாகத்துக்கு என்னிடம் இருந்தது ஆயிரத்து நூற்றைம்பது. முந்நூற்றைம்பது குறைவு. இதற்குள் லொறி வைத்திருந்த ஒருவர் அந்த இடத்தைக் கேட்டு காதர் முதலாளியிடம் நடக்கத் தொடங்கிவிட்டார், முழுப் பணமும் ஒரே தடவையில் தருவதாக. முதலாளி ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வரை எனக்குத் தவணை கொடுத்தார். அன்று காலை பார்வதி தன் கையிலிருந்த நாலு வளையலையும் சவர்க்காரம் போட்டுக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து என் முன்னால் வைத்தாள். கல்யாணம் ஆன நாள் முதல் அவள் கையை விட்டு இறங்காத வளையல்கள். அவள் அரிசி களைந்தாலும், அடுப்பு ஊதினாலும், அந்தச் சத்தத்தை வைத்தே அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"வேணாம்" என்றேன்.

"ஏன் வேணாம்?"

"ரெண்டாம் பாகத்துக்கு இத வித்தா, மூணாம் பாகத்துக்கு எத விக்கிறது? பாதியில நின்னா எல்லாம் போச்சு. இப்பவே விட்டுட்டா நூத்தம்பதோட போயிரும்."

"மழ பேஞ்சா வளையலுக்குள்ள போயி ஒதுங்க முடியுமாங்க?"

முடிச்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிடுவது. வளையல்களை அப்படியே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவது. சொல்லவேண்டிய வாக்கியத்தைக்கூட மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். 'மன்னிக்க வேண்டும் முதலாளி, எனக்கு இது கட்டுப்படியாகாது.'

இடத்துக்கு வந்தபோது மூன்று இருபது. சுப்பையா பாஸ் காணி மூலையில் தகரக் கொட்டிலுக்குள் சீமெந்துப் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்து பிளேன்டீ காய்ச்சிக்கொண்டிருந்தான். பனிமூட்டத்தில் அவன் அடுப்புத் தணல் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"மாஸ்டரா? முதலாளி இன்னும் வரலங்க. லொறிக்காரரு காலையிலயே வந்து அளந்துட்டுப் போனாரு. அவருக்கு வாசல் ரோட்டுப் பக்கம் வேணுமாம். இந்த நெலைய புடுங்கி ஆட்டுக் கொட்டாய்க்கு வப்பாராம்."

நிலை இருந்த பக்கம் நடந்தேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனேன். பனிக்குள் நிலை மட்டும் தனியாக நின்றது. தலைக்கட்டையில் மாவிலை காய்ந்து சுருண்டு, மஞ்சள் துணி நனைந்து கறுத்திருந்தது. இரண்டு பக்கமும் சுவர் தெரியவில்லை, பனிதான். வாசலுக்கு வந்ததும் கை தன்பாட்டுக்குக் குடையை மடக்கியது. வீட்டுக்குள் போகிறவன் செய்வதைத்தான் செய்தேன். குனிந்து, வலது காலை எடுத்து வைத்தேன்.

மழைச் சத்தம் மாறியது. மண்ணில் விழும் சத்தம் நின்று, தலைக்கு மேலே தகரத்தில் விழும் சத்தம் கேட்டது.

நான் உடனே பயந்துவிடவில்லை. அதுதான் எனக்கே விளங்காதது. குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்த ஆளுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. விறகுப் புகையும் தரைப் பொலிஷும் கலந்த வாசனை. குடையை மாட்ட இடது கை கதவுக்குப் பின்னால் போனது, பார்க்காமலே ஓர் ஆணியைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டது. மாட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கதவு? எந்தச் சுவர்?

வெள்ளையடித்த சுவர். சிவப்புச் சீமெந்துத் தரை, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. சன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எதிரே சமையலறை வாசல், வலது பக்கம் மூடிய ஓர் அறைக் கதவு. சமையலறையிலிருந்து தேங்காய் துருவும் சத்தம்.

"கால தொடச்சிட்டு வாங்க. இப்பத்தான் பொலிஷ் போட்டேன்."

பார்வதியின் குரல். இன்று காலை குவார்ட்டர்ஸில் கேட்ட குரலைவிடக் கொஞ்சம் தடித்த குரல். "சரி" என்றேன். குனிந்து பார்த்தால் காலடியில் சாக்கு விரித்திருந்தது. சப்பாத்தைத் துடைத்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். துருவுகிற சத்தம் வருகிறது, வளையல் சத்தம் வரவில்லை. அவள் துருவினால் தேங்காயைவிட வளையல்தான் அதிகம் சத்தம் போடும். அந்த வீட்டில் அது இல்லை. கை வெறும் கை என்று பார்க்காமலே தெரிந்தது. அந்த வெறும் கை வேகமாக, ஒரு கவலையும் இல்லாமல் துருவிக்கொண்டிருந்தது.

பதற்றம் வந்தால் எதையாவது எண்ணுவது என் சுபாவம். மேலே பார்த்துக் கூரைச் சட்டங்களை எண்ணினேன், வாய்விட்டே எண்ணினேன். ஏழு. எண்ணி முடித்தபோது மூடிய அறைக்குள் யாரோ இருமினார்கள். ஆண் இருமல். அந்தக் கதவைத் திறந்துவிடலாமா என்று ஒரு காலை எடுத்துவைத்தேன்.

"மாஸ்டர்" என்று வெளியே சுப்பையா பாஸ் கூப்பிட்டான். "மாஸ்டர், முதலாளி வந்துட்டாரு."

திரும்பி நிலையைத் தாண்டினேன். மண்ணில் கால் பட்டது. மழை முகத்தில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பனி விலகிக்கொண்டிருந்தது. முழங்கால் உயரச் சுவர், நடுவில் மழைத்தண்ணீர் தேங்கிய மண், இரண்டு செங்கல். தனியாக நிற்கும் நிலை.

சுப்பையா பாஸ் என் எதிரில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான். அன்றைக்கு மட்டும் அவன் வாயில் ஒரு நையாண்டி வரவில்லை.

"எங்கங்க போனீங்க? பத்து நிமிசமா கூப்புடுறேன்."

"உள்ளதான் இருந்தேன்."

"உள்ளயா? நான் சொவரத் தாண்டி நடு வூட்டுல போயில்ல நின்னு பாத்தேன். ஒருத்தரும் இல்ல." அவன் கையை நீட்டி என் தோளைத் தொட்டான். "சட்ட காஞ்சு கெடக்கு மாஸ்டர்."

காய்ந்துதான் கிடந்தது. தலை, சட்டை, கோட்டு எல்லாம். கையில் குடை இல்லை. நிலையடியில் தேடினோம், சுவர் ஓரம் தேடினோம், இல்லை. ஒன்பது ரூபா எழுபத்தைந்து சதம் கொடுத்து ஹட்டனில் வாங்கிய புதுக் குடை. பிரம்புக் கைப்பிடியில் சூட்டுக் கம்பியால் என் முதலெழுத்து இரண்டையும் நானே போட்டிருந்தேன். யாரோ எடுத்தான் என்று சொல்ல அங்கே வேறு ஆளே கிடையாது.

காதர் முதலாளியும் லொறிக்காரரும் ரோட்டிலிருந்து ஏறி வந்தார்கள். லொறிக்காரர் நிலையின் முட்டுக் கம்பைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர்" என்றார் முதலாளி, "முடிவச் சொன்னீங்கண்டா நல்லம். இவரும் காத்துக்கிட்டு நிக்கிறாரு."

மனதில் எழுதி வைத்திருந்த வாக்கியம் அங்கேயே இருந்தது. வாயிலிருந்து வந்தது வேறு. "ரெண்டாம் பாகத்த எழுதிக்கங்க முதலாளி" என்றேன்.

லொறிக்காரர் சிரித்தார். "இடுப்பு வரைக்கும் சொவரு இல்ல. இத நம்பி ஆயிரத்தி ஐந்நூறா? உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா மாஸ்டர்?"

"பாத்துட்டுத்தான் வாறேன். நல்லா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள், சுப்பையா பாஸ் தவிர. நான் கட்டுப் பணத்தையும் கைக்குட்டை முடிச்சையும் நீட்டினேன். காதர் முதலாளி முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு உடனே மறுபடி முடிந்தார்.

"இது வேணாம் மாஸ்டர். பொம்புளப்புள்ளைட காப்ப நான் கையால வாங்கமாட்டன். வித்துட்டுக் காசாக் கொண்டாங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறன்."

அதற்குமேல் லொறிக்காரர் நிற்கவில்லை.

மழையில் நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். பார்வதி துண்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள், "கொட எங்கங்க?"

"வீட்டுல மாட்டிட்டு வந்தேன்."

"எந்த வீட்டுல?"

"நம்ம வீட்டுல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நான் தலை துவட்டி முடித்ததும் கேட்டாள். "நான் என்ன செஞ்சிக்கிட்டிருந்தேன்?"

"தேங்கா துருவிக்கிட்டிருந்த."

"என்ன சத்தம் கேட்டுச்சு?"

"துருவுற சத்தம் மட்டுந்தான்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டில் வளையல் கிடந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. "அப்ப சரி" என்றாள்.

வளையல்களை விற்று வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளே பணத்தைக் கட்டினேன். அந்த வருடக் கடைசியில் சுவர் எழும்பியது. கூரைக்கு ஒன்றரை வருடம் ஆனது, அந்த ஒன்றரை வருடமும் பேக்கரிப் பாண் வாங்குவதை விட்டு ரொட்டிதான் தின்றோம். தகரம் போட்ட அன்று நான் உள்ளே போய் மேலே பார்த்து எண்ணினேன். ஏழு சட்டம். முதலாளியின் கணக்கில் ஆறுதான் இருந்தது. சுப்பையா பாஸிடம் கேட்டேன். "தகரம் கனமுங்க, ஒண்ணு சேத்துப் போட்டேன்" என்றான். அவனிடம் நான் ஏழு என்று சொல்லியிருக்கவே இல்லை. 1960 வைகாசியில் குடிபோனோம். தோட்டத்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் படிப்பித்த பையன்கள், இன்று கொழுந்து நிறுக்கிறவர்கள், கங்காணிகள், ஒவ்வொருவரும் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கேட்டான், "மாஸ்டர், இத யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கதானே?" காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். என் பெயர், தகப்பன் பெயர், காணி எல்லைகள் நாலும் அதில் இருக்கின்றன. எங்கள் லயத்திலிருந்து வந்தவர்களில் உறுதி வைத்திருந்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

குடிபோன மறுநாள் பார்வதி கதவுக்குப் பின்னால் இடது பக்கம் ஓர் ஆணி அடித்தாள். குடையை எந்தப் பக்கம் மாட்டினேன் என்று அவளிடம் நான் மூச்சு விட்டதில்லை. எந்த வீட்டிலும் அங்கேதான் ஆணி அடிப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சட்டம் ஏழு என்பதற்கும் அப்படி ஒரு சமாதானம் வைத்திருந்தேன். மூன்று வருடம் அந்தச் சமாதானங்களோடு நிம்மதியாக இருந்தேன்.

1963ஆம் வருடம், அதே ஜூலை மாதம், அதேபோல் தூறலும் பனியும். ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை, அறைக் கதவைக் குளிருக்கு மூடிக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் பார்வதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். காலையில்தான் தரைக்குப் பொலிஷ் போட்டிருந்தாள். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"கால தொடச்சிட்டு வாங்க" என்றாள் பார்வதி. "இப்பத்தான் பொலிஷ் போட்டேன்."

"சரி" என்று பதில் வந்தது.

என் குரல். உங்கள் குரலை நீங்கள் வெளியிலிருந்து கேட்டிருக்கிறீர்களா? எனக்கு நூல் கையிலிருந்து விழுந்தது. சாக்கில் சப்பாத்துத் துடைக்கும் சத்தம். பிறகு மெதுவாக, பதற்றப்பட்ட ஒரு மனிதன் எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று.

எழுந்து கதவைத் திறந்திருக்கலாம். இரண்டே எட்டுத்தான். ஏன் திறக்கவில்லை என்று பார்வதி இன்றைக்கும் கேட்பாள். 1957இல் உள்ளே வந்த நான் யாரையும் பார்க்கவில்லையே. பார்த்திருந்தால் அந்த மனிதன் பயந்து ஓடியிருப்பான், ஓடியிருந்தால் இரண்டாம் பாகத்தைக் கட்டியிருக்கமாட்டான், கட்டாவிட்டால் நான் இப்போது உட்கார்ந்திருப்பது எங்கே? இவ்வளவையும் அந்த நாழியில் யோசித்தேனா என்று சத்தியமாகத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும், கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. பார்க்கட்டும் என்று இருந்தேன். சட்டைப் பையில் பெண்டாட்டியின் வளையலை வைத்துக்கொண்டு, முடியாது என்று சொல்ல வந்திருக்கிறான். நல்லாய்ப் பார்க்கட்டும். தரையைப் பார்க்கட்டும், சன்னலைப் பார்க்கட்டும். ஏழு வரை சரியாக எண்ணட்டும்.

"ஏழு" என்றான். எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

வெளியே ஓர் எட்டு என் கதவுப் பக்கம் வந்தது. அப்புறம் தூரத்தில், மழைக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. "மாஸ்டர்." சுப்பையா பாஸின் குரல். அவன் பதுளைப் பக்கம் வேலைக்குப் போய் அதற்குள் இரண்டு வருடம். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எழுந்து போனேன். முன்னறையில் யாரும் இல்லை. பார்வதி தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு சமையலறை வாசலில் நின்று, என் அறைக் கதவையும் வாசல் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்பத்தான வெளிய இருந்து வந்தீங்க? சரின்னு சொன்னீங்களே. அதுக்குள்ள எப்பிடி அந்த ரூமுக்குள்ள போனீங்க?"

நான் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஆணியில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. புதுத் துணி, மடிப்புக்கூடக் கலையவில்லை. பிரம்புக் கைப்பிடியில் என் முதலெழுத்து இரண்டும் இருந்தன, நான் கோணலாகச் சுட்ட இரண்டாவது எழுத்து உட்பட. ஆறு வருடம் முன்னால் பிடித்த தூறலின் தண்ணீர் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் கேட்காதீர்கள். பூசாரி ஒருவர் வந்து, அதை ஆற்றில் விடச் சொன்னார். காதர் முதலாளி வந்து பார்த்துவிட்டு, அவர் வழக்கப்படி ஏதோ ஓதினார், பிறகு, "ஒங்கட பொருள் ஒங்களுக்குத் திரும்பிக் கெடைச்சிருக்கு மாஸ்டர், சும்மா வச்சிருங்க" என்றார். வைத்திருக்கிறேன். என்னைத் தொந்தரவு செய்வது அது வந்த விதம்கூட இல்லை. இது 1965. அந்தக் குடை இன்னும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டிப் பார்த்தோம், மாசி வெயிலில் விரித்துப் போட்டுப் பார்த்தோம். உள்ளே கொண்டுவந்து ஆணியில் மாட்டினால் பொழுது சாயும்போது சொட்டத் தொடங்கிவிடும். பார்வதி அடியில் ஓர் அலுமினியக் கோப்பை வைத்திருக்கிறாள். காலையில் அதிலிருக்கும் தண்ணீரைச் சவ்சவ் கொடிக்கு ஊற்றுவாள். சில நாள் நான் எழும்பியதும், நாளைக்காவது நின்றுவிடுமா என்று யோசிப்பேன். நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்றும் யோசிப்பேன். அதனால் இப்போதெல்லாம் முதலில் போய்க் கோப்பையைத்தான் பார்க்கிறேன்.

வீட்டின் கணக்கைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நாலு பாகமும் சேர்ந்து ஐயாயிரத்து எண்ணூறு. நொத்தாரிசுக்கும் முத்திரைக்கும், தண்ணீர்க் குழாய்க்கும், குடிபோன சாப்பாட்டுக்குமாக அறுநூற்றுப் பதின்மூன்று ரூபா முப்பத்தைந்து சதம். குடைக்கான ஒன்பது ரூபா எழுபத்தைந்து சதத்தையும் தொலைந்த செலவென்று இதில்தான் சேர்த்து வைத்திருந்தேன், 1963இல் அதை அடித்துவிட்டேன். ஆக, இந்த வீடு எனக்கு முடிந்த விலை ஆறாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று ரூபா முப்பத்தைந்து சதம்.